சைடிங் வாரண்டி: கையெழுத்துப் போடும் முன் எழும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் மரச்சட்ட வீடுகளின் வெளிச்சுவரை மூடும் பலகைக்குத்தான் சைடிங் என்று பெயர். வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்), ஃபைபர் சிமென்ட் (இழை கலந்த சிமென்ட்), மரச்சீவலும் பசையும் சேர்த்து அழுத்திய எஞ்சினியர்டு மரம், அலுமினியம், ஸ்டீல் என்று பல வகை உண்டு. எந்த வகையாக இருந்தாலும் விளம்பரத் தாளில் பெரிதாகத் தெரிவது 30, 50, லைஃப்டைம் என்ற எண்தான். உங்களுக்குக் காசு கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்வது அந்த எண் அல்ல, உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் பத்திகள். அதைவிடவும் முக்கியமானது, யாரும் பிரித்துப் பார்க்காத இன்ஸ்டலேஷன் கையேடு.

‘லைஃப்டைம் வாரண்டி’ என்றால் யாருடைய ஆயுள்?

வீட்டின் ஆயுளும் இல்லை, பலகையின் ஆயுளும் இல்லை. வினைல் சைடிங்கில் இந்தச் சொல் பெரும்பாலும் முதல் உரிமையாளரைக் குறிக்கிறது. அவர் உயிரோடு இருந்து, வீடும் அவர் பெயரில் இருக்கும்வரை செல்லும். வீட்டை விற்ற அன்றே அந்த ‘ஆயுள்’ முடிந்துவிடும். அடுத்தவருக்கு ஒரே ஒரு தடவை மாற்றித்தரலாம் என்று பல ஆவணங்கள் சொல்கின்றன. ஆனால் மாறிய பிறகு அது 50 ஆண்டு போன்ற ஒரு வரையறுத்த காலமாகிவிடும். அதையும் சைடிங் அடித்த தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள், வீடு கைமாறிய தேதியிலிருந்து அல்ல.

இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்கள் ‘உரிமையாளர்’ என்ற சொல்லுக்கு ஆவணம் தரும் விளக்கத்தை முதலில் தேடிப் படியுங்கள். தனிக் குடும்ப வீடு, சொந்தக் குடியிருப்பு என்றால் மட்டும் லைஃப்டைம், கம்பெனி பெயரில் இருக்கும் வீட்டுக்கும் காண்டோ சங்கத்துக்கும் குறைந்த ஆண்டுகள் என்று பிரித்து எழுதுவது வழக்கம்.

ஒரு சைடிங் வேலைக்கு மொத்தம் எத்தனை வாரண்டி?

குறைந்தது இரண்டு, பெரும்பாலும் மூன்று. பலகைக்கு உற்பத்தியாளர் தருவது ஒன்று. தொழிற்சாலையிலேயே பூசி வரும் வண்ணத்துக்குத் தனியாக, குறைந்த காலத்துக்கு ஒன்று. அடித்த கைவேலைக்குக் காண்ட்ராக்டர் தருவது இன்னொன்று. பலகை உப்பினால் முதலாமவர், வண்ணம் உரிந்தால் இரண்டாவது தாள், ஜன்னல் மூலையில் தண்ணீர் இறங்கினால் காண்ட்ராக்டர். பலகைக்குப் பின்னால் சுவரைச் சுற்றியிருக்கும் நீர்த்தடுப்புத் தாளான ஹவுஸ் ராப்புக்கு வேறு கம்பெனி, வேறு தாள்.

வாரண்டி 50 ஆண்டு என்று விற்பனையாளர் சொல்லும்போது, எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

‘ப்ரோரேட்டட்’ என்று போட்டிருக்கிறதே, அது எவ்வளவு பாதிக்கும்?

நிறையவே. ஆண்டு ஏற ஏற, தரும் தொகை தேய்ந்துகொண்டே வரும் என்பதுதான் அதன் பொருள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டுக்கு 20 ஸ்கொயர் சைடிங் என்று வைத்துக்கொள்வோம் (ஒரு ஸ்கொயர் என்பது 100 சதுர அடி). மொத்த பில் 16,000 டாலர். அதில் பலகை மட்டும் 5,000. மீதி 11,000 ஆள்கூலி, பழையதைப் பிரித்தெடுப்பது, குப்பை, ஃபிளாஷிங் (தண்ணீரை வெளியே திருப்பும் தகடு), டிரிம் (ஓரப் பட்டை). 20 ஆண்டு கழித்துத் தெற்குச் சுவரில், அதாவது 5 ஸ்கொயரில், பலகைக் குறை தெரிகிறது. அந்தச் சுவருக்கான பலகையின் அன்றைய விலை 1,250 டாலர்.

முதல் 5 ஆண்டு முழுத்தொகை, மீதி 45 ஆண்டில் சமமாகத் தேயும் 50 ஆண்டு வாரண்டியாக இருந்தால், 20-ஆம் ஆண்டு முடிவில் 15 ஆண்டுத் தேய்மானம் ஆகியிருக்கும். 45-ல் 15 என்றால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. கைக்கு வருவது சுமார் 833 டாலர். அதே இடத்தில் தேயாத 30 ஆண்டு வாரண்டி இருந்திருந்தால் 1,250 முழுதாக வரும். ஆனால் 31-ஆம் ஆண்டில் அதில் ஒரு சென்ட்கூட வராது. 50 ஆண்டுத் தாளிலோ 35-ஆம் ஆண்டில்கூட 417 டாலர் மிச்சமிருக்கும்.

அந்தச் சுவரைப் பிரித்து மீண்டும் அடிக்க அன்றைக்கு ஆகும் கூலி இந்த எந்தத் தொகையையும் விடப் பல மடங்கு இருக்கும். அதனால் தலைப்பில் இருக்கும் ஆண்டைவிட இரண்டு விஷயங்களை முதலில் பாருங்கள்: கூலி எத்தனை ஆண்டுவரை சேர்த்தி, தொகையை எந்த விலையை வைத்துக் கணக்கிடுவார்கள். பழைய பில்லின் விலையா, இன்றைய விலையா என்பது ஒரே வரியில் இருக்கும். அந்த வரியைக் கண்டுபிடிக்காமல் கடையை விட்டு வராதீர்கள்.

வினைல், ஃபைபர் சிமென்ட், எஞ்சினியர்டு மரம்: வாரண்டியில் எது மேல்?

எங்கள் கணக்கில், 15 முதல் 25 ஆண்டு அதே வீட்டில் இருக்கப் போகிறவருக்குத் தேயாத 30 ஆண்டு, தேயும் 50 ஆண்டைவிட மேல். ஜேம்ஸ் ஹார்டியின் ஃபைபர் சிமென்ட் பலகைக்குத் தேயாத 30 ஆண்டும், கலர்பிளஸ் என்ற தொழிற்சாலை வண்ணத்துக்கு 15 ஆண்டும் தருகிறார்கள். எல்பி (லூசியானா-பசிபிக்) கம்பெனியின் ஸ்மார்ட்சைடு என்ற எஞ்சினியர்டு மரத்துக்கு 5/50: முதல் 5 ஆண்டு கூலியும் சேர்த்து, பிறகு 50 வரை தேய்ந்துகொண்டே போவது. மேலே போட்ட கணக்கு அந்த அச்சில்தான். வினைலில் லைஃப்டைம் என்ற சொல் அதிகம், விதிவிலக்கும் அதிகம்.

ஃபைபர் சிமென்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹார்டி பலகை தட்பவெப்பத்தைப் பொறுத்து இரண்டு வகையாக வருகிறது. பனி உறையும் வடக்குப் பகுதிகளுக்கு எச்இசட்5, வெப்பமும் ஈரமும் மிகுந்த தெற்குக்கு எச்இசட்10. வேறு ஊரில் மலிவாகக் கிடைத்தது என்று எச்இசட்10-ஐக் கொண்டுவந்து மினசோட்டாவில் அடித்தால் வாரண்டி இல்லை. பலகையின் பின்புற அச்சைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரைமர் மட்டும் பூசி வரும் பலகையை, ஃபைபர் சிமென்டோ எஞ்சினியர்டு மரமோ, 180 நாளுக்குள் வண்ணம் அடித்தாக வேண்டும். ‘அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் தொலைந்தது.

கிளெய்ம் ஏன் தள்ளுபடியாகிறது?

வாரண்டி தொழிற்சாலைக் குறைக்கு மட்டும்தான். சுவரில் உண்மையில் கெடுவது பெரும்பாலும் ஆணி, தண்ணீர், இடைவெளி இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில். இன்ஸ்பெக்டர் வந்தால் பலகையை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் அளவுநாடாவை எடுப்பார்.

வினைலில் தொடங்குவோம். 12 அடி 6 அங்குல நீளமுள்ள ஒரு பேனல் வெயிலுக்கும் குளிருக்கும் அரை அங்குலமும் அதற்கு மேலும் நீண்டு சுருங்கும். அதனால் ஓரத்தில் கால் அங்குலம் இடம் விட வேண்டும். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே அடித்தால் 3/8 அங்குலம். ஆணி துளையின் நடுவில் இறங்க வேண்டும். ஆணித் தலைக்கும் பேனலுக்கும் நடுவே சுமார் 1/32 அங்குலம் இடைவெளி வேண்டும். இறுக்கி அடித்துவிட்டால் பேனலுக்கு நகர வழியில்லை. ஜூலை மாதத்தில் சுவர் அலை அலையாக எழும்பும். இதற்கு ‘முறையற்ற இன்ஸ்டலேஷன்’ என்று ஒரே வரியில் கம்பெனி பதில் எழுதிவிடும், அதில் தப்பும் இல்லை. சோதிப்பது சுலபம்: வேலை நடக்கும்போது அடித்து முடித்த ஒரு பேனலை உள்ளங்கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். லேசாக நகர வேண்டும். நகரவில்லை என்றால் அந்தச் சுவரை அன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள்.

ஃபைபர் சிமென்டுக்கும் எஞ்சினியர்டு மரத்துக்கும் எதிரி தண்ணீர். மண்ணிலிருந்து பலகையின் அடி விளிம்பு 6 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். அடித்த அன்று சரியாக இருக்கும். அடுத்த ஆண்டு பூச்செடி வைக்க மல்ச் (மூடாக்கு) கொட்டி மேடாக்கி, நாமே அந்த 6-ஐ 2 ஆக்கிவிடுவோம். கூரை சுவரோடு சேரும் இடத்திலும் இடைவெளி உண்டு. ஹார்டி 2 அங்குலம் கேட்கிறது, எல்பி 1 அங்குலம். கூரைச் சரிவு சுவரோரம் முடியும் இடத்தில் தண்ணீரை வெளியே தள்ளிவிடும் சிறு தகடு, கிக்-அவுட் ஃபிளாஷிங், இருக்கிறதா என்று பாருங்கள். பத்து டாலர் சமாச்சாரம். அது இல்லாத வீட்டில் கூரைத் தண்ணீர் முழுதும் சைடிங்கின் பின்னால் இறங்கி, உள்ளிருக்கும் ஓஎஸ்பி பலகை (மரச்சீவலைப் பசையோடு அழுத்திய சுவர்ப்பலகை) கஞ்சியாகிவிடும். வெளியே எதுவும் தெரியாது.

ஜன்னல் தலைக்கு மேலே ஃபிளாஷிங் தகடு இருக்கும். அதற்கும் சைடிங் பலகைக்கும் நடுவே கால் அங்குலச் சந்து விட வேண்டும். அதைக் கால்க் (சந்தை அடைக்கும் பசை) போட்டு அடைக்கவே கூடாது. பின்னால் போன தண்ணீர் வெளியே வரும் வாசல் அது. ‘சந்து அசிங்கமாக இருக்கிறது’ என்று வீட்டுக்காரரே கால்க் குழலோடு ஏணி ஏறுவது அடிக்கடி நடக்கிறது. கிளெய்ம் படங்களில் முதலில் கண்ணில் படுவதும் அந்த வெள்ளைக் கோடுதான்.

எஞ்சினியர்டு மரத்தில் வெட்டிய ஒவ்வொரு முனையையும் பிரைமரோ பெயின்டோ பூசி அடைக்க வேண்டும். முனைக்கும் ஜன்னல் டிரிமுக்கும் 3/16 அங்குலம் இடைவெளி. வெட்டுமுனை பச்சையாக விட்ட பலகை, ஈரத்தை முனையில் உறிஞ்சி அங்கேயே உப்பும். ஆணி பலகையின் மேற்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். கம்ப்ரசர் காற்றழுத்தம் அதிகமாகித் தலை உள்ளே புதைந்தால் அதுவும் குறையாகவே எழுதப்படும்.

மழையில் நனைந்து ஊறிய ஃபைபர் சிமென்டை அப்படியே அடித்தால், காயும்போது சுருங்கி இணைப்புகள் வாய் பிளக்கும். லாரி இறக்கிய பலகைக் கட்டு தரையில் படாமல், சமமாக, மூடி வைத்திருக்கிறதா என்று பார்க்க உங்களுக்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எங்கள் வினைல் உருகிவிட்டது. வாரண்டி உண்டா?

பெரும்பாலும் இல்லை. ஆற்றல் மிச்சப்படுத்தும் லோ-இ கண்ணாடியில் இரண்டு தகடுகள் உண்டு. குளிரில் நடுவிலுள்ள காற்று சுருங்கும்போது கண்ணாடி லேசாக உள்வாங்கிக் குழியாடி ஆகிறது. அதில் பட்ட வெயில் எதிர்ச்சுவரில் குவிகிறது. வினைல் சுமார் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இளக ஆரம்பிக்கும், அப்புறம் சுருங்கிக் கோணுகிறது. சூரியன் நகர நகர அந்தச் சூடும் சுவரில் சாய்வாக ஒரு தடம் போடும். தடத்தைப் பார்த்தே காரணம் சொல்லிவிடலாம்.

‘இயல்புக்கு மீறிய வெப்பம், எதிரொளிப்பு உட்பட’ என்று விலக்குப் பட்டியலில் இது இருக்கும். மாற்றி அடித்தாலும் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி வரும். ஜன்னலின் வெளிப்புறம் முழுதுக்கும் வலை போடுவதுதான் வழி, அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும். வீடுகள் நெருக்கமாக இருக்கும் புதுக் குடியிருப்பில், கருநீலம், கரும்பழுப்பு போன்ற அடர் நிற வினைல் எடுக்கும் முன் எதிரே என்ன ஜன்னல் இருக்கிறது என்று பாருங்கள். பார்பிக்யூ அடுப்பைச் சுவரோரம் வைத்து உருகியதும் இதே விலக்கில்தான் வரும்.

நிறம் மங்கினால்?

எந்தச் சைடிங்கும் மங்கத்தான் செய்யும். சாதாரண மங்கல் வாரண்டியில் இல்லை, ‘அளவுக்கு மீறிய’ மங்கல்தான் உண்டு. அந்த அளவை ஹன்டர் யூனிட் அல்லது டெல்டா ஈ என்ற எண்ணாக எழுதியிருப்பார்கள், உதாரணமாக 4 யூனிட். கருவி வைத்து அளப்பது கம்பெனிதான். எண்ணே எழுதாத ஆவணம் என்றால், எது மீறியது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

வினைல் வாங்கும்போது ஏஎஸ்டிஎம் டி3679 தரத்துக்கு உட்பட்டதா, வினைல் சைடிங் இன்ஸ்டிடியூட் சான்று உண்டா என்று பெட்டியில் பாருங்கள். அளக்க ஒரு பொது அடிப்படையாவது இருக்கும்.

கிளெய்ம் ஏற்கப்பட்டால் அதே நிறம் கிடைக்குமா?

உறுதி இல்லை. நிறமோ வடிவமோ உற்பத்தியில் நின்றுபோயிருந்தால் அருகிலுள்ள ஒன்றைத் தரும் உரிமையைக் கம்பெனி தன் கையில் வைத்திருக்கும். புதுப் பலகை பழைய சுவரோடு ஒட்டாமல் தெரிவதற்கு நஷ்டஈடு கிடையாது. வேலை முடிந்ததும் மீதமாகும் ஒரு பெட்டியைக் கராஜில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆலங்கட்டி மழை, புயல்காற்று?

அது வீட்டு இன்ஷூரன்ஸ் சமாச்சாரம். சில வினைல் ஆவணங்கள் ஆலங்கட்டிக்குப் பலகை மட்டும் தருவதாகச் சொல்லும், அதிலும் ‘முதலில் இன்ஷூரன்ஸில் கேள்’ என்று இருக்கும். காற்றுக்கு மணிக்கு இத்தனை மைல் என்ற வரம்பு உண்டு.

வினைலுக்கு மேலே பெயின்ட் அடிக்கலாமா? பவர் வாஷ்?

பெயின்ட் அடித்தால் பெரும்பாலான வினைல் வாரண்டி முடிந்தது. முதலில் இருந்ததைவிட அடர்ந்த நிறம் அடித்தால் வெப்பம் ஏறிப் பேனலும் கோணும். கழுவ மென்மையான பிரஷும் தோட்டக் குழாயும் போதும். பிரஷர் வாஷரைக் கீழிருந்து மேலாகப் பிடித்தால் பேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் வழியாகத் தண்ணீர் நேராகப் பின்னால் போய்ச் சேரும்.

விற்பனையாளர் ‘வாரண்டி தாள் பிறகு வரும்’ என்கிறார். சரியா?

சரியில்லை. அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தின் கீழ், 15 டாலருக்கு மேற்பட்ட நுகர்பொருளின் எழுத்து வாரண்டியை வாங்கும் முன்பே பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க, மேம்படுத்த வாங்கும் சைடிங் இதில் சேரும் என்று எஃப்டிசி (அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம்) விதியிலேயே சைடிங்கைப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். புது வீட்டோடு சேர்ந்தே வந்த சைடிங் சேராது. அதே சட்டம்தான் வாரண்டிக்கு ‘ஃபுல்’ அல்லது ‘லிமிடெட்’ என்று பெயர் வைக்கச் சொல்கிறது. சைடிங்கில் நீங்கள் பார்ப்பது லிமிடெட்தான்.

வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய ஒப்பந்தமென்றால் மனம் மாற அவகாசம் உண்டு: அமெரிக்காவில் எஃப்டிசி விதிப்படி 3 வேலை நாள், ஒன்டாரியோவில் ஒப்பந்த நகல் கைக்கு வந்ததிலிருந்து 10 நாள். அதற்குள் ஆவணத்தை முழுதாகப் படித்துவிடலாம். கட்டாய ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடமே முடிப்பது), குழு வழக்குத் தடை ஆகிய பத்திகள் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

ஒன்டாரியோவில் பில்டரிடம் புது வீடு வாங்கியிருக்கிறோம். சைடிங் தொங்குகிறது. யாரைப் பிடிப்பது?

பில்டரை, ஒன்டாரியோவின் புதுவீட்டு வாரண்டியை நடத்தும் அமைப்பான டாரியன் வழியாக. மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்டன் பக்கம் புது வீடு வாங்கிய நம்மவர்களில் பலர் இதை விட்டுவிட்டுப் பலகைக் கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்டாரியோவின் புதுவீட்டு வாரண்டி 1, 2, 7 ஆண்டு என மூன்று அடுக்கு. வெளிச்சுவர் மூடுபொருள் கழன்றுவருவதும், இடம்பெயர்வதும், சிதைவதும் 2 ஆண்டு அடுக்கில் வருகின்றன. வெளிச்சுவர் வழியாகத் தண்ணீர் புகுவதும் அதே அடுக்கு. எண்ணிக்கை வீடு கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும், வீட்டை விற்றாலும் வீட்டோடேயே போகும்.

பில்டர் ‘ஆள் அனுப்புகிறேன்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்வது கணக்கில் வராது. இரண்டாம் ஆண்டு முடியும் முன்பே படிவம் டாரியனுக்குப் போயிருக்க வேண்டும். காற்றுக்காலம் வந்தால் தெரியும் குறை இது, ஆகவே இரண்டாம் குளிர்காலம் முடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து எல்லாச் சுவரையும் படம் எடுங்கள்.

காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் என்ன வரிகள் இருக்க வேண்டும்?

பலகையின் கம்பெனி, வகை, நிறம், தடிமன். ‘உற்பத்தியாளரின் தற்போதைய இன்ஸ்டலேஷன் கையேட்டின்படி’ என்ற சொற்றொடர். இதுதான் ஒப்பந்தத்தின் உயிர்நாடி. இது இருந்தால் கையேடு மீறிய எந்த வேலையும் ஒப்பந்த மீறல். கைவேலை வாரண்டி எத்தனை ஆண்டு, அதில் தண்ணீர்க் கசிவு சேர்த்தியா. மூடிவிடும் முன் ஹவுஸ் ராப், ஃபிளாஷிங் இவற்றைப் படம் எடுக்க உங்களுக்கு அனுமதி. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் வாரண்டிப் பதிவு முடித்துத் தர வேண்டும் என்ற வரி.

வீட்டை விற்கிறோம், அல்லது சைடிங் போட்ட வீட்டை வாங்குகிறோம். வாரண்டியை எப்படி மாற்றுவது?

பதிவும் மாற்றமும் கெடு வைத்த வேலைகள். 30 நாள், 60 நாள் என்று ஆவணத்தில் இருக்கும், அதைத் தாண்டினால் கேட்டுப் பயனில்லை. வாங்குபவர் வீடு கைமாறும் குளோசிங் தேதிக்கு முன்பே அசல் பில், வாரண்டித் தாள், பதிவு எண் மூன்றையும் வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள். முந்தைய உரிமையாளரே இரண்டாமவராக இருந்து, மாற்றம் ஒரு தடவைதான் என்றால் உங்களுக்கு எதுவும் மிச்சமில்லை.

பெரிய கம்பெனி என்றால் கவலையில்லை, அப்படித்தானே?

1980-களின் நடுவிலிருந்து லூசியானா-பசிபிக் விற்ற இன்னர்-சீல் என்ற ஓஎஸ்பி சைடிங்கும் 25 ஆண்டு வாரண்டியோடுதான் வந்தது. மழை மிகுந்த பகுதிகளில் அது ஈரம் உறிஞ்சி உப்பியது, காளான்கூட முளைத்தது. விவகாரம் குழு வழக்காகி 1996-இல் சமரசத்தில் முடிந்தது. இன்றைய ஸ்மார்ட்சைடு அதே கம்பெனி பிறகு கொண்டுவந்தது. துத்தநாக போரேட் சேர்த்துப் பூஞ்சைக்கும் கறையானுக்கும் தடுப்புச் செய்த வேறு பொருள். கம்பெனியின் அளவைவிட, அந்தப் பொருள் உங்கள் ஊர் மழையிலும் பனியிலும் எத்தனை ஆண்டாக நிற்கிறது என்று விசாரியுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் அதே பலகை போட்ட தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வடக்குச் சுவரின் அடி வரிசையைப் பாருங்கள். வெயில் படாத பக்கம் அது, கெடுதல் முதலில் தெரியும்.

குறை தெரிந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

பிரிக்காதீர்கள். கம்பெனி பார்க்கும் முன் மாற்றினால் கிளெய்மே இல்லை என்று பல ஆவணங்களில் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வருகிறதென்றால் தார்ப்பாய் போட்டு மூடி, மூடும் முன்னும் பின்னும் படம் எடுங்கள்.

தூரத்திலிருந்து சுவர் முழுதும் ஒரு படம், குறை மட்டும் அருகில் ஒன்று, பக்கத்தில் அளவுநாடா வைத்து ஒன்று. மண்ணிலிருந்து 6 அங்குலம், ஜன்னல் மேல் கால் அங்குலம் ஆகியவை சரியாக இருப்பதையும் அதே நாடா வைத்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்லப்போகும் மறுப்புக்கு முன்கூட்டியே பதில் அது. பில், வாங்கிய தேதியில் நடப்பிலிருந்த வாரண்டித் தாள், பெட்டி லேபிள் எண் ஆகியவற்றைச் சேர்த்து எழுத்தில் அனுப்புங்கள். இணையத்தில் இன்று கிடைப்பது திருத்திய பதிப்பாக இருக்கலாம், உங்களுக்குச் செல்லுபடியாவது வாங்கிய நாளின் பதிப்பு. அதை வாங்கும் அன்றே இறக்கிச் சேமித்திருக்க வேண்டும்.

குறையைக் கண்டதிலிருந்து 30 நாளுக்குள் சொல் என்ற மாதிரியான கெடுவும் இருக்கும். மாதிரிப் பலகை அனுப்பச் சொன்னால் இரண்டு துண்டாக வெட்டி ஒன்றை மட்டும் அனுப்புங்கள். காண்ட்ராக்டருக்கும் அதே நாளில் ஒரு நகல் போகட்டும். கம்பெனி கைவேலைக் குறை என்றும், காண்ட்ராக்டர் பலகைக் குறை என்றும் மாற்றி மாற்றிக் கைகாட்டினால், இருவருக்கும் தொடர்பில்லாத பில்டிங் என்வலப் (வீட்டின் வெளிச்சுவர், கூரை) இன்ஸ்பெக்டர் ஒருவரின் அறிக்கைக்குச் சில நூறு டாலர் செலவு செய்வது அந்த இடத்தில் வீண் போகாது.